செவ்வாய்க்கிழமை அருவி

வடகரையில் அனுசியாவை இன்றும் விளையாட்டு டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு டீச்சராக இருந்ததில்லை. பேராசிரியராக இருந்தார், துறைத் தலைவராக இருந்தார், கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்தார். ஆனால் அவர் படித்த படிப்பு என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கியதில்லை. வேலை செய்யாத நேரத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், அந்த நேரம் யாருக்கெல்லாம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதே இல்லை என்று ஆராய்கிற படிப்பு அது. அதற்குப் பொழுதுபோக்கியல் என்று தமிழில் பெயர் வைத்தவரும் அவர்தான். பெயரைக் கேட்டதும் சிரிக்காதவர்கள் குறைவு. பொழுதைப் போக்குவதற்கு ஒரு படிப்பா என்று கல்யாண வீடுகளில் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் பந்திக்குப் போவார்.

அப்பா நல்லக்கண்ணு போலீஸ்காரர். சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் பந்தோபஸ்து வேலை போடுவார்கள். ஒரு ஆனி மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு போய், டீக்கடை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு அருவிப் பக்கம் நின்றார். அவர் விசில் அடித்து அடித்துப் பெண்களை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதை அனுசியா பார்த்தாள். தலை நனைந்ததுமே போதும், வெளியே வாங்க என்று சத்தம். ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நின்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஏன் அப்படி என்று கேட்டாள். பெண்களுக்கான இடம் சின்னது, ஒருத்தி நின்றுகொண்டே இருந்தால் அடுத்தவள் எப்படிக் குளிப்பாள் என்றார் அப்பா. அது சரியான பதில்தான். இடம் ஏன் சின்னதாக இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அவளுக்கு மிச்சம் இருந்தது.

அனுசியா கல்லூரியில் வாலிபால் ஆடினார். உடற்கல்வியில் பட்டம் வாங்கினார். அதன் பிறகு முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டு நெறியாளரே யோசித்தார். கீழப்பாவூர் வட்டாரத்துப் பீடி சுற்றும் பெண்களின் ஓய்வு நேரம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வடகரையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், வீடு வீடாக உட்கார்ந்து கேட்டார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான பெண்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. முத்துவடிவு என்ற பெண் மட்டும் மடியில் இருந்த சொளவு முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "காய்ச்சல் வந்தா படுப்பேன். அத எழுதிக்கோங்க" என்றாள்.

முத்துவடிவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அனுசியா ஆய்வுக்காகப் போனது ஒரு வருடம்தான். அதற்கப்புறமும் முத்துவடிவின் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. இலை நனைத்து வைக்க, தூள் அள்ளிப் போட என்று கையாளாகக்கூட இருந்திருக்கிறார். குற்றாலம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, குளிக்கப் போவதில்லையா என்று ஒரு தடவை கேட்டார். கல்யாணமான புதிதில் ஒரே தடவை போனதாகவும், கூட்டத்தில் எவனோ இடுப்பைப் பிடித்ததாகவும், அதற்குப் பிறகு போகவில்லை என்றும் முத்துவடிவு சொன்னாள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு அறக்கட்டளை கல்லூரி நடத்திக்கொண்டிருந்தது. அது வளர்ந்து சாரல்மலை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அனுசியா அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து, உடற்கல்வித் துறைக்குள்ளேயே பொழுதுபோக்கியலுக்கு ஒரு பிரிவை உண்டாக்கினார். மாணவர்கள் குறைவாகத்தான் சேர்ந்தார்கள். ஹோட்டல் வேலைக்கும் சுற்றுலா வேலைக்கும் உதவும் என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிரிவை உயிரோடு வைத்திருக்க முடிந்தது. ஒவ்வொரு வருடமும் மூடிவிடலாம் என்று பேச்சு வரும். மூடாமல் காப்பதற்காகவே அவர் நிர்வாக வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டார். விடுதிக் காப்பாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பிறகு பதிவாளர். நிர்வாகம் அவருக்கு நன்றாகவே வந்தது. அவர் காலத்தில் தேர்வு முடிவு தள்ளிப்போனதில்லை, விடுதிச் சாப்பாட்டுக்காக யாரும் போராட்டம் நடத்தியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தம்பி முத்துச்செல்வத்தின் வீட்டு மாடியில் குடியிருந்தார். ஓய்வு நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ்தான் என்று தம்பி சொல்லிக் காட்டுவார்.

பல்கலைக்கழகத்தின் தாளாளர் ஆவுடைநாயகம். அப்பா கட்டிய கல்லூரியைப் பல்கலைக்கழகமாக ஆக்கியவர். மரியாதையாகப் பேசுவார், குரலை உயர்த்தமாட்டார். குற்றாலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அறக்கட்டளைக்கு ஒரு கிராம்புத் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு மேலே ஒரு ஓடை. அதை மறித்து, குழாயில் கொண்டுவந்து, பாறையிலிருந்து விழ வைத்தால் வருடம் முழுக்க ஓடுகிற தனி அருவி கிடைக்கும், பக்கத்தில் அறைகள் கட்டலாம் என்பது அவருடைய திட்டம். சும்மா ரிசார்ட் என்று போனால் அனுமதி கிடைக்காது. பொழுதுபோக்கியல் துறையின் கள ஆய்வுக்கூடம் என்றால் கிடைக்கும். அதற்குப் பதிவாளரும் துறையின் மூத்த பேராசிரியருமான அனுசியாவே இயக்குநராகப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்.

அனுசியா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு போனார். வாரத்தில் ஒரு நாள் அருவியைப் பெண்களுக்கு மட்டும் விட வேண்டும், அதுவும் காசு கொடுக்க முடியாத பெண்களுக்கு, வந்துபோகப் பல்கலைக்கழகப் பஸ்ஸும் விட வேண்டும் என்றார். ஆவுடைநாயகம் தாராளமாகச் சம்மதித்தார். கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார். அனுசியா கையெழுத்துப் போட்டார்.

அந்த அருவிக்கு விளம்பரப் பலகையில் என்னவோ பெயர் இருந்தது. கீழப்பாவூர்ப் பெண்கள் அதைச் செவ்வாய்க்கிழமை அருவி என்றே சொன்னார்கள். முதல் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பாதிதான் நிறைந்தது. வந்தவர்களும் தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலேயே நின்றார்கள். முதலில் இறங்கியது முத்துவடிவு. அதற்குள் அவளுடைய மகள் பேச்சித்தாய் வளர்ந்து, தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விசில் இல்லை, போதும் என்று சொல்ல ஆள் இல்லை. இறங்கிய பெண்கள் ஏறவில்லை. உதடு நீலம் பாரிக்கும் வரை நின்றார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்தார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போய் நின்றார்கள். அடுத்த வாரம் பஸ்ஸில் இடம் போதவில்லை. அனுசியாவும் சில வாரங்கள் அவர்களோடு சேர்ந்து நனைந்திருக்கிறார். படிப்பு, பதவி எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டதாக அந்த நாட்களில் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

அறைகள் நிரம்பத் தொடங்கியதும் செவ்வாய்க்கிழமை உறுத்த ஆரம்பித்தது. மேலாளர் புகார் சொன்னார். பெண்கள் சீயக்காய்த் தூளைச் சிந்துகிறார்கள், வெற்றிலை போட்டுத் துப்புகிறார்கள், அறை எடுத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார். ஆவுடைநாயகம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரணம் கிடைத்தால் அந்த நாளை எடுத்துவிடுவார் என்பது அனுசியாவுக்குத் தெரிந்தது.

சிவில் துறைப் பேராசிரியர் சங்கரநாராயணன் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து அவரைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். மேலே ஓடையை மறித்துக் கட்டிய சுவரைக் கோடையில் இன்னும் உயர்த்தியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அந்தச் சுவத்துக்கு மறுகால் இல்ல. தண்ணி நெறஞ்சா போறதுக்கு வழியே இல்ல. நம்ம ஊர்ல மறுகால் இல்லாம ஒரு குளம் பாத்திருக்கியளா?"

"மழை வந்தா ஒடையுமா?"

"சாரலுக்கு ஒடையாது. ஐப்பசி மழைக்கு நான் சொல்ல முடியாது."

அனுசியா அன்றைக்கே தாளாளரைப் போய்ப் பார்த்தார். ஆவுடைநாயகம் பொறுமையாகக் கேட்டார். வேலை செய்ய வேண்டுமென்றால் அருவியை மூட வேண்டியிருக்கும், சீசன் முடியட்டும், தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உங்களுக்கு பயமாக இருந்தால் செவ்வாய்க்கிழமையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்றும் சொன்னார். அனுசியாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு தடவை நிறுத்தினால் திரும்ப வராது. வேண்டாம், தை வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தார். கள ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் என்ற முறையில் அருவியையே மூடச் சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அதை அவர் பயன்படுத்தவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக மலையே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குற்றாலத்தின் அருவிகளில் எல்லாம் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அனுசியா தோட்டத்துக்குப் போன் செய்தார். இங்கே தண்ணீர் குழாயில்தானே வருகிறது, அளவாகத்தான் விழுகிறது என்று மேலாளர் சொன்னார். கீழப்பாவூரில் பெண்கள் பஸ் ஏறிவிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். அனுசியா ஒரு நிமிஷம் போனைக் கையில் வைத்திருந்தார். பிறகு சரி, வரட்டும் என்றார்.

மத்தியானம் சுவர் உடைந்தது. குழாயையும் பாறையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு சேறும் மரமுமாகத் தண்ணீர் இறங்கியது. மழைக்குப் பயந்து பெரும்பாலான பெண்கள் கொட்டகைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். தண்ணீருக்குள் நின்றவர்களில் முத்துவடிவையும், கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த வள்ளித்தாய் என்ற பெண்ணையும் அடித்துக்கொண்டு போனது. அனுசியா பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இருந்தார். செய்தி வந்து அவர் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வீரர்கள் கீழே தென்னந்தோப்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாயைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. முத்துவடிவின் முகத்தைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது. கழுவியது அனுசியா.

மறுநாள் துணைவேந்தர் அறையில் ஒரு கூட்டம். ஆவுடைநாயகம் வரவில்லை, அவருடைய வக்கீல் வந்திருந்தார். வெளியே என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கனவே முடிவாகியிருந்தது. தடை இருந்ததால் அன்று அருவி மூடப்பட்டிருந்தது. பெண்கள் காவலாளியைச் சரிக்கட்டிவிட்டுச் சுற்றுச்சுவர் ஏறி உள்ளே போயிருக்கிறார்கள். காவலாளி பிச்சுமணியை வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது, அவர் மேல் புகாரும் கொடுத்தாகிவிட்டது. பஸ் வேறு எங்கோ போன பஸ். அனுசியா இதையே சொன்னால் போதும், அவர் பெயர் எதிலும் வராது. துணைவேந்தர் நல்ல மனிதர்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இத்தனை வருட உழைப்பை ஒரு நாள் மழைக்காக அழித்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அனுசியா எழுந்து வெளியே வந்தார். பிச்சுமணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தான் யாரையும் சுவர் ஏற விடவில்லை என்று சொல்லத்தான் நின்றார். அனுசியா பல்கலைக்கழகக் காரை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார். அனுசியா உட்காராமலே சொன்னார்.

"அந்தப் பொம்பளையள வரச் சொன்னது நான். பஸ் விட்டது நான். சுவர் நிக்காதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும். தாளாளருக்கும் தெரியும்."

வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லுங்களேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அன்று மாலையே கைது செய்தார்கள். ஜாமீன் கிடைக்க நாளானது. தம்பி முத்துச்செல்வம் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்தபின், "போலீஸ்காரர் மக மாதிரிதான் பேசிட்டு வந்திருக்கே" என்று மட்டும் சொன்னார். அது பாராட்டா, குத்தலா என்று அனுசியாவுக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. பொழுதுபோக்கியல் பிரிவை அந்த வருடமே மூடினார்கள்.

வெளியே வந்ததும் கீழப்பாவூர் போனார். முத்துவடிவு வீட்டு வாசலில் பேச்சித்தாய் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அனுசியா மன்னிப்புக் கேட்கத்தான் போனார். அந்த வார்த்தையைத் தொடங்குமுன் பேச்சித்தாயே பேசினாள். சத்தமாகப் பேசவில்லை.

"எங்கம்மைக்குப் பீடி சுத்த மட்டுந்தான் தெரியும். சலிச்சுக்கிட்டே சுத்துவா. ஆனா உசுரோட இருந்தா. நீங்கதான் வந்து வந்து அவளுக்கு ஆசை காட்டுனிய. ஞாயித்துக்கெழமையே சேலைய எடுத்து வச்சிட்டு, செவ்வாய் எப்ப வருதுன்னு இருப்பா. நீங்க கூப்பிடலன்னா அவ இன்னிக்கு இங்கன உக்காந்திருப்பா."

அனுசியா நின்றார். வழக்கில் சாட்சி சொல்ல வேண்டும், பெண்கள் தாங்களாகப் போகவில்லை என்று சொன்னால்தான் பிச்சுமணி தப்பிப்பார், தாளாளரும் மாட்டுவார் என்று சொல்லலாம் என நினைத்து வந்திருந்தார். அதை அங்கே சொல்ல முடியவில்லை. பேச்சித்தாய் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அனுசியா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வழக்கு தென்காசியில் வருடக்கணக்கில் நடந்தது. நடுவில் கொரோனா வந்து நீதிமன்றமே மூடிக் கிடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அனுசியா வடகரையிலிருந்து பஸ்ஸில் வந்து வராந்தாவில் நிற்பார். முன்னாள் மாணவர்கள் அந்த வழியாகப் போனால் தெரியாததுபோலப் போவார்கள். ஜோயல் என்ற ஒரு மாணவர் மட்டும் நின்று பேசினார். அவரும் பேசிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். அந்தச் சமயம் அவர் அதே பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலையில் இருந்தார்.

பஸ்ஸில் வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பிறழ்சாட்சி ஆனார்கள். அருவிக்குப் போனது ஞாபகம் இருக்கிறது, யார் கூப்பிட்டார்கள் என்று ஞாபகம் இல்லை என்றார்கள். அவர்களை வீட்டில் வந்து யாரோ பார்த்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுசியா அவர்களைக் குறைசொல்லவில்லை. சங்கரநாராயணன் சாட்சிக் கூண்டில் ஏறியபோதுதான் அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். சுவரைப் பற்றிப் பதிவாளரிடம் எச்சரித்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். தனக்கு அந்தத் தோட்டத்தோடு சம்பந்தமே இல்லை, அப்படி எதுவும் பேசியதாக நினைவில்லை என்றார் சங்கரநாராயணன்.

பேச்சித்தாய் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சம்மன் போயிருந்தது, முந்தைய இரண்டு வாய்தாவுக்கும் அவள் வரவில்லை. ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையோடு வந்தாள். அனுசியாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள்.

"இந்தம்மாதான் கூப்பிட்டாவ. வாரா வாரம் கூப்பிடுவாவ. வந்தது காலேஜ் பஸ்ஸு. எங்கம்மை களவாண்டு போகல, சுவரேறிப் போகல. கூப்பிட்டாவ, போனா."

தாளாளர் தரப்பு வக்கீல் எவ்வளவோ சுற்றி வளைத்தார். அவள் அதையே திரும்பச் சொன்னாள். தன் தாய்க்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதுதான் அவள் எண்ணம் என்று அனுசியா பின்னால் தம்பியிடம் சொன்னார். அதனால் யார் தப்பிப்பார்கள், யார் மாட்டுவார்கள் என்பதை அவள் யோசித்திருக்கமாட்டாள், யோசிக்க வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை என்றார்.

அந்தச் சாட்சியத்தால் பிச்சுமணி விடுதலையானார். கள ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் என்ற முறையில் அனுசியாவுக்கும், இடத்தின் மேலாளருக்கும் இரண்டு வருடச் சிறை. ஆவுடைநாயகத்துக்கும் சுவருக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தார்கள். ஓடையை மறிக்கச் சொன்னது, உயர்த்தச் சொன்னது எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்திருந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் எல்லாம் அனுசியாவின் கையெழுத்துதான் இருந்தது. மேல்முறையீடு செய்தால் தண்டனையை நிறுத்தி வைப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். தம்பியும் வற்புறுத்தினார். தீர்ப்பில் தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பது சரிதான், ஆவுடைநாயகத்தை விட்டதுதான் தப்பு, அதற்குத் தான் எப்படி மேல்முறையீடு செய்ய முடியும் என்று கேட்டார் அனுசியா. வயது அறுபதை நெருங்கியிருந்தது. கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சிறையைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அவர் யாரென்று தெரிந்ததும் அங்கே ஒரு அதிகாரி, கைதிப் பெண்களுக்கு மாலையில் ஏதாவது விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அனுசியா மறுத்துவிட்டார். தான் சொல்லி இன்னொருத்தி ஒரு இடத்துக்கு வருவது என்பதே அவருக்கு அப்போது தாங்கவில்லை. கேட்டுக்கேட்டு அவர்கள் விட்டுவிட்டார்கள். மற்ற பெண்கள் முற்றத்தில் கயிறு தாண்டி ஆடும்போது இவர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அங்கே நேரம் மட்டும்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு தடவை தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தான் எழுதிய புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை என்றும் சொன்னார்.

தண்டனைக் கழிவு போக முன்னதாகவே விடுதலையாகி வடகரைக்கு வந்தார். கண் ஆபரேஷன் செய்துகொண்டார். தம்பியின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். ஊர் அவரை விலக்கவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கல்யாண வீட்டுப் பத்திரிகை வரும், நேரில் வந்து கூப்பிடமாட்டார்கள்.

போன வருடம் பங்குனியில் சங்கரநாராயணன் தேடிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். அனுசியா நாற்காலி எடுத்துப் போட்டார், காபி கொண்டுவரச் சொன்னார். வந்தவர் காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மக அப்ப அங்கன படிச்சிக்கிட்டு இருந்தா, மேடம். கடைசி வருஷம். என்னால முடியல."

"நீங்க சொன்னிய, நான் கேட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். அத விடுங்க."

"அதுக்காக மட்டும் வரல." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆவுடைநாயகம் மறுபடியும் கட்டுதான். வேற பேர்ல, வேற கம்பெனி. அதே ஓடை, அதே எடம். இந்தச் சீசனுக்குத் தொறக்கப் போறான்."

"மறுகால் வச்சிருக்கானா?"

சங்கரநாராயணன் இல்லை என்று தலையசைத்தார். தான் போய்ச் சொன்னால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்றார். அதை அவர் சொல்லி முடிக்கும் வரை அனுசியா கேட்டார். பிறகு அந்தச் சுவர் எவ்வளவு உயரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தம்பி வேண்டாம் என்றார். ஜெயிலுக்குப் போய்வந்தவள் சொன்னால் யார் கேட்பார்கள், ஆவுடைநாயகம் இன்னொரு வழக்குப் போடுவார் என்றார். அனுசியா காலையிலேயே போய், பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவிக்கும் வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். வெயில் ஏறிய பிறகு அவர் முறை வந்தது. மனுவை வாங்கிய அதிகாரி இளைஞர். மேலோட்டமாகப் படித்துவிட்டு, உங்களுக்கு அந்த இடத்தில் என்ன சம்பந்தம், பக்கத்து நிலத்துக்காரரா என்று கேட்டார்.

"இல்ல. இதுக்கு முன்னால அங்க இருந்த சுவருக்காக ஜெயிலுக்குப் போனவ நான். ரெண்டு பேர் செத்தாங்க. நிறுத்தியிருக்கலாம், நான் நிறுத்தல."

அதிகாரி மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தார். பக்கத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டு அவரை உட்காரச் சொன்னார். இந்தத் தடவை அனுசியா உட்கார்ந்தார். சுவரின் நீளம், உயரம், மேலே ஓடை சேரும் இடம், மழைக்காலத்தில் தண்ணீர் வரும் வேகம் எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமையும் போனார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனார். சித்திரை முடியுமுன் அரசு ஆட்கள் வந்து சுவரை அளந்தார்கள். சாரல் தொடங்கும் சமயத்தில் அந்த இடத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். ஆவுடைநாயகத்தின் ஆட்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். இடைக்காலத் தடை கிடைத்துவிட்டதாக ஒரு பேச்சு, இல்லை என்று ஒரு பேச்சு. சுவரை இன்னும் யாரும் இடிக்கவில்லை.

இந்தச் செய்தி கீழப்பாவூர் வரை போனது. அதனால் எதுவும் மாறிவிடவில்லை. தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு நாள் பேச்சித்தாய் எதிரே வந்தாள், கையில் குழந்தை இருந்தது. அனுசியா நின்றார். பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள், பார்த்ததை மறைக்கவும் இல்லை. பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பாவூர்ச்சத்திரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் வரை அனுசியா அங்கேயே நின்றிருந்துவிட்டு, கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவைத் தேடிப் போனார். அன்றும் திங்கட்கிழமை.